வரப்புக்கு எப்போது போகலாம்?

கேள்வி: வயது 74. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் டிஸ்சார்ஜ் ஆனேன். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் வயலில் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. வீட்டிலோ படுத்தே இரு, கஞ்சி குடி என்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், திருவையாறு

பதில்: பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் கேட்காதீர்கள் ஐயா. உங்கள் வயதில் படுத்தே கிடந்தால் தொடைச் சதை வேகமாகக் கரையும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையவும் வாய்ப்பு உண்டு. அதனால் டாக்டர் அனுமதித்த அளவுக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரைக்குமாவது தினம் பல தடவை நடங்கள். வெறும் கஞ்சி போதாது. முட்டை, பயறு, மீன் வேண்டும் (விரால் குழம்பு என்றால் மறுக்கவா போகிறீர்கள்!). தரையில் குந்த வேண்டாம், கக்கூஸுக்கு உயரமான நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, ஊர் செவிலியரிடம் கேளுங்கள்.

சரி, ஜூன் 12? இது தேற மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தண்ணீர் வரும்போது வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். சேற்று வரப்பில் இறங்குவது மட்டும், அப்புறம் குறுவை அறுத்த பிறகு வரும் தாளடி நடவுக்குப் பார்க்கலாம்.