திருட்டு வீடியோ கேம்களைப் பகிர்வோர் ஒருவரையொருவர் எப்படி நம்புகிறார்கள்?

ஏமாற்றப்பட்டால் காவல்துறையிடம் போக முடியாதவர்கள், முகம் தெரியாத ஒருவர் தந்த கோப்பை எந்தத் துணிவில் திறக்கிறார்கள் என்பது கேள்வி. முறையிட வேறு இடம் இல்லாததால்தான் அவர்கள் தங்களுக்குள் கண்டிப்பான விதிகளை வகுத்துக்கொண்டார்கள்.

1985இல் நார்வேயில் தோன்றிய ரேசர் 1911 போன்ற, விளையாட்டுகளின் நகல் தடுப்புப் பூட்டை உடைத்து வெளியிடும் பழைய குழுக்களுக்கு நற்பெயர்தான் முதலீடு. வெளியிட்ட விளையாட்டு பாதியில் நின்றுபோனாலோ, முன்பே வந்ததன் மறுபதிப்பாக இருந்தாலோ, காரணத்தோடு 'நியூக்' (செல்லாத வெளியீடு) என்ற முத்திரை அதன்மீது விழும். வேறொரு குழு குறையைச் சரிசெய்து 'ப்ராப்பர்' (சரியானது) என்ற அடைமொழியுடன் வெளியிடும். போட்டியாளரின் முன்னிலையில் நேரும் இந்தத் தலைகுனிவுதான் அங்கே உண்மையான தண்டனை.

கோப்புகளோடு எஸ்எஃப்வி என்ற சிறிய உரைக்கோப்பும் வரும். அதில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு எதிரே அதன் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட, சிஆர்சி-32 எனப்படும் எட்டு இலக்கச் சரிபார்ப்பு எண் இருக்கும். ஒரேயொரு பிட் மாறினாலும் கணக்கு இடிக்கும். ஆனால் இது தரவிறக்கப் பிழையைக் காட்டுமே தவிர, வேண்டுமென்றே தீநிரல் புகுத்துபவரைத் தடுக்காது, ஏனெனில் அவர் அந்த எண்ணையும் திருத்தி எழுதிவிடலாம்.

அழைப்பின் பேரில் மட்டுமே சேர்க்கும் டொரண்ட் குழுக்கள் (உறுப்பினர்கள் கோப்புகளைத் தங்களுக்குள் நேரடியாகப் பகிரும் தளங்கள்) சிலவற்றில், தவறு செய்தவரோடு அவரை அழைத்துவந்தவரும் வெளியேற்றப்படுவதுண்டு.

என் பார்வையில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: பூட்டுடைக்கும் நிரல்களைக் கண்டு வைரஸ் தடுப்பான்கள் அடிக்கடி அலறுவதால், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருப்பதே அங்கு பழக்கமாகிவிட்டது, உண்மையான தீநிரலும் அந்தச் சத்தத்துக்குள் எளிதாக ஒளிந்துகொள்கிறது.