மூக்கு தும்முகிறது, தண்டனை கத்தரிக்காய்க்கு

கேள்வி: வயது 36. நான்கு ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுக்கு. ஊதுபத்தி, தாளிப்பு நெடி, ஏசி காற்று எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் குடியிருப்பில் நடந்த முகாமில் 8,500 ரூபாய் கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்தேன். கத்தரிக்காய், தக்காளி, பால் உட்பட 19 உணவுகள் ஆகாது என்றார்கள். இவற்றைச் சாப்பிட்டு உடம்பு தடித்ததோ வீங்கியதோ இல்லை. ஐந்து மாதமாக நிறுத்திவிட்டேன், தும்மல் நிற்கவில்லை. மூக்கு எவ்வளவு கூருணர்வு கொண்டது என்று அளக்கத் தனிப் பரிசோதனை உண்டாமே, செய்துகொள்ளலாமா? – வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த அறிக்கையைப் பற்றி. நீங்கள் அனுப்பிய பதினான்கு பக்கங்களின் தலைப்பிலும் ‘ஐஜிஜி’ என்றே இருக்கிறது. அலர்ஜிக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ. இரண்டும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தில்தான் உங்கள் 8,500 ரூபாய் போயிற்று. உணவுக்கு எதிராக ஐஜிஜி ரத்தத்தில் இருந்தால், அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு வருகிறீர்கள் என்று பொருள், அவ்வளவுதான். கோவையில் கத்தரிக்காய் சாப்பிடாதவர் யார்? பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிக் கொடுத்தால் எதையும் நம்பிவிடுகிறோம். மேசை போட்டு ரத்தம் எடுப்பவருக்கு உங்கள் மூக்கை எட்டிப்பார்க்கும் வேலை கிடையாது. ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. நிறுத்திய உணவுகளை மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள்.

இனி மூக்கு. ஊதுபத்தியும் தாளிப்பு நெடியும் உங்களுக்கு அலர்ஜி அல்ல. தோல் உரிந்த இடத்தில் வெந்நீர் பட்டாலே எரிகிறதே, அதுபோல உள்ளே ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் சவ்வு எதற்கும் சீறுகிறது. அந்தச் சீற்றத்தை அளக்க முடியும். குளிர்ந்த வறண்ட காற்றை மூக்கில் செலுத்தியோ, அலர்ஜியின்போது உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளின் கரைசலைப் படிப்படியாகக் கூட்டியோ பார்ப்பார்கள். பெரும்பாலும் அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை. ஹிஸ்டமின் பட்டால் நலமான மூக்கும்தான் தும்மும். அந்த எண்ணை வைத்து உங்கள் மருந்தை நான் மாற்றப் போவதில்லை.

உங்களுக்கு முதலில் வேண்டியது தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை. முன்கையில் தூசுப்பூச்சி, மகரந்தம், கரப்பான், பூஞ்சை என்று ஒவ்வொரு சொட்டு வைத்து, மேல்தோலில் லேசாகக் குத்தி, கால் மணி நேரத்தில் தடிப்பை அளப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். படுக்கையைவிட்டு எழும்போதே தும்மல் என்பதால் மெத்தை, தலையணையில் வாழும் தூசுப்பூச்சியின் மீதுதான் என் சந்தேகம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சிலருக்குத் தோலிலும் ஒன்றும் வராது, ரத்த ஐஜிஇ-யும் இயல்பாக இருக்கும். ஆனால் மூக்குக்குள் மட்டும் அலர்ஜி குடியிருக்கும். ‘உங்களுக்கு அலர்ஜியே இல்லை, மனக்கவலைதான்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். இவர்களுக்குத்தான் மூக்கில் செய்யும் பரிசோதனை உண்மையில் பயன்படும்; ஹிஸ்டமினை அல்ல, சந்தேகப்படும் அலர்ஜிப் பொருளையே மூக்கில் விட்டுப் பார்க்கும் வகை அது. நோயாளியைச் சிறிது நேரம் அறைக் காற்றுக்குப் பழக விட்டு, முதலில் வெறும் உப்புநீரை மூக்கில் விடுவோம். அதற்கே தும்மினால் அன்று சோதனை கிடையாது. பிறகு தூசுப்பூச்சிச் சாறு. தும்மலை எண்ணுவோம், ஒழுக்கைப் பார்ப்போம், முகமூடி வழியே வேகமாக மூச்சை உள்ளிழுக்கச் சொல்லிக் காற்றோட்டம் எவ்வளவு குறைந்தது என்று அளப்போம். புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் மூக்கிலேயே மகரந்தத்தை இட்டுப் பார்த்து 1873-இல் நூலே வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் இதைச் செய்யும் இடங்கள் இங்கே மிகச் சில. ஒருவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் இருபது சீட்டு எழுதிவிடலாமே!

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர், கர்ப்பிணிகள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. சளி பிடித்திருந்தால் சில வாரம் பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள்.

இன்னொன்று. மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். பிறகு அந்த மருந்தே மூக்கை அடைக்கும். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. அதை நடுச்சுவரில் அடிக்காமல், அந்தப் பக்கத்துக் காது நோக்கிச் சற்றே சாய்த்து அடியுங்கள். மூன்றாம் நாளே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தூக்கிப் போடாமல் இரண்டு வாரம் தொடருங்கள்.