பாங்காக் பார்களில் ஊழியம்: கேள்விகளும் பதில்களும்

பாங்காக்கில் பார்களில் வேலை செய்யும் பெண்களிடையே நடக்கும் கிறிஸ்தவ ஊழியத்தில் சில வருடங்கள் உடனிருந்தவள் என்பதால் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தப் பெண்ணின் பெயரும் சொந்தக் கதையும் இங்கே வராது.

அக்கா, நிஜமாகவே பாருக்குள் போவீர்களா? விசுவாசிகள் அங்கே கால் வைக்கலாமா?

போவோம். இரண்டிரண்டு பேராக, உள்ளே போகிறவர்கள் பெண்கள் மட்டும். ஒரு கோலா வாங்கிக்கொண்டு உட்காருவோம். பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணுக்கும் ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுப்போம். அதில் அவளுக்குக் கமிஷன் உண்டு, மேலாளரும் விரட்ட மாட்டார். பாருக்குப் போகிற காசு பாவக் காசு என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் பெண்ணின் பத்து நிமிடத்துக்குக் கொடுத்த விலை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பேச்சு ஊர், பிள்ளைகள், முதுகுவலி என்று போகும். தாய்லாந்திலும் நம்மைப் போலவே ‘சாப்பிட்டாச்சா’ என்றுதான் விசாரிப்பார்கள், அதனால் ஆரம்பிப்பது சுலபம். முதல் நாளே சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டினால் மறுநாள் நம்மைக் கண்டதும் நழுவிவிடுவாள்.

இந்தத் தொழில் அங்கே எப்போது வந்தது?

தொழில் பழையது. வெளிநாட்டுக்காரர்களுக்கான பார் தெருக்கள் பெருகியது வியட்நாம் போரில்தான். அமெரிக்க வீரர்கள் ஓய்வுக்கு வந்துபோக 1967-இல் ஓர் ஒப்பந்தமே போட்டார்கள். வீரர்கள் போனபின் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். பாட்பாங், நானா பிளாசா, சோய் கௌபாய் என்ற மூன்று பார் பகுதிகளும் இன்றும் நடக்கின்றன. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொழில் அங்கே குற்றம்தான். தெருவில் நடந்து பார்த்தால் நம்ப முடியாது.

எல்லோரும் கடத்தி வரப்பட்டவர்களா, சிஸ்டர்?

இல்லை. இங்கேதான் நம் சபைகளில் நிறையக் குழப்பம். பெரும்பாலோர் ஈசான் என்ற வடகிழக்குப் பகுதியிலிருந்து வருகிறவர்கள். நெல் விளையும், ஆனால் மழையை நம்பிய பூமி, அப்புறம் கடன். கணவன் விட்டுப் போயிருப்பான், பிள்ளை பாட்டியிடம் வளரும். அந்த ஊர் வழக்கத்தில் மகன் கொஞ்ச நாள் துறவியாகிப் பெற்றோருக்குப் புண்ணியம் சேர்ப்பான். மகளோ பணம் அனுப்பித்தான் பெற்ற கடனைத் தீர்க்க வேண்டும். மாதாமாதம் பணம் அனுப்புகிறவள் ஊரில் நல்ல மகள். எந்த வேலையில் வந்த பணம் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. அவள் பாரில் நிற்பதற்குப் பூட்டு தேவையே இல்லை, அந்த நல்ல பெயரே போதும்.

வேறு சிலர் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஓட்டல் வேலை என்று கூட்டி வந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெரிய தொகையைக் கடன் என்று தலையில் கட்டியிருப்பார்கள். அதுதான் கடத்தல். பதினெட்டு வயது ஆகாத பெண் என்றால் அவள் சம்மதத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இவர்களுக்கு வழக்கறிஞர், தூதரகம், மொழிபெயர்ப்பாளர், ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் வேண்டும். ஈசான் பெண்ணுக்கு வேண்டியது சம்பளம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டு பேருக்கும் உதவ முடியாது.

‘பார் ஃபைன்’ என்கிறார்களே, அது என்ன?

ஒரு பெண்ணை வேலை நேரத்தில் வெளியே கூட்டிப்போக வாடிக்கையாளர் பாருக்குக் கட்டும் பணம். அவளுடைய கூலி தனிப் பேச்சு. சில ஊழியக்காரர்கள் அதே பணத்தைக் கட்டி, ஒரு பெண்ணை அன்றிரவு வெளியே அழைத்து வந்து நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள். எனக்கு இதில் அரை மனசுதான். அடிக்கடி செய்தால் பார் முதலாளிக்கு நாமும் நல்ல வாடிக்கையாளர்தான்.

வெளியே வந்தால் என்ன வேலை கொடுக்கிறீர்கள்? தையல்தானா?

நல்ல கேள்வி. தையல் மிஷின் கொடுத்துப் போட்டோ எடுப்பதோடு முடிந்துபோன ஊழியங்கள் உண்டு. நின்று நடந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 1989-இல் தொடங்கிய ராகாப் ஊழியம் பாட்பாங் தெருவிலேயே ஒரு அழகு நிலையம் வைத்தது. வேலைக்குப் போகுமுன் தலை அலங்காரத்துக்கு எப்படியும் எங்காவது போகத்தான் வேண்டும், அந்த நாற்காலியிலேயே நட்பு தொடங்கிவிடும். பைபிளில் யோசுவா புத்தகத்தில் வரும், விலைமகளாக இருந்த எரிகோவின் ராகாபுடைய பெயர்தான் அது. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் அவளும் இருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது நைட்லைட். 2005-இல் ஆனி டீசல்பெர்க் என்ற அமெரிக்க மிஷனரி தொடங்கியது. பெண்கள் நகை செய்கிறார்கள், அது வெளிநாடுகளில் விற்பனையாகிறது.

நடைமுறையில் எது கஷ்டம் என்றால் பணம். நல்ல சீசனில் பாரில் ஒரு வாரத்தில் வருவது பட்டறையில் ஒரு மாதத்துக்கும் வராமல் போகலாம். அதற்குப் பதிலாக மாதச் சம்பளம், பகல் வேலை, பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள வாய்ப்பு, விட்ட படிப்பை முறைசாராக் கல்வியில் முடிக்க வழி, இவை கிடைக்கும். ஊரில் அம்மா ‘ஏன் பணம் குறைந்தது?’ என்று போன் செய்யும் நாள்தான் சோதனை. சிலர் திரும்பப் பாருக்கே போவார்கள். அப்புறம் மறுபடி வருவார்கள். கதவை மூடாமல் வைத்திருக்கிற ஊழியத்தில்தான் கடைசியில் ஆள் நிற்கிறது. ராத்திரி முழுக்க விழித்துப் பழகிய உடம்பு காலை எட்டு மணிக்குப் பழகவே மாதங்கள் ஆகும், தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

இது ஏழ்மையைப் பயன்படுத்தி மதம் மாற்றுவதுதானே? நான் கிறிஸ்தவன் இல்லை, நேராகவே கேட்கிறேன்.

நேராகவே சொல்கிறேன். அந்த ஆபத்து உண்டு. சம்பளம் கொடுப்பவரே ஜெபக் கூட்டமும் நடத்தினால், வராமல் இருக்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வரும்? அதனால் ஜெபத்துக்கு வருவதையும் வேலையையும் முடிச்சுப்போடவே கூடாது என்பது என் கருத்து. 1985-இல் பாட்பாங்கிலேயே தொடங்கிய எம்பவர் என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பு இதைவிடக் கடுமையாகக் கேட்கும். இது வேலை, எங்களுக்குத் தொழிலாளர் உரிமைதான் வேண்டும் என்பது அவர்கள் நிலை. போலீஸ் சோதனை போட்டு ‘மீட்கும்’போது பெண்கள் பட்ட அவமானங்களைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வெளியேற விரும்புகிற பெண்ணுக்கு உரிமை மட்டும் போதாது, போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். அதைக் கட்ட எங்களைத் தூண்டுவது எங்கள் விசுவாசம்தான், அதை மறைக்க மாட்டேன்.

அக்கா, எங்கள் சபை வாலிபர்கள் பத்து நாள் மிஷன் பயணமாக வரலாமா? தம்பிமார்கள்தான் அதிகம்.

வேண்டாம், தம்பி. சுற்றுலா விசாவில் வந்து தொண்டு வேலை செய்தாலும் அங்கே சட்டச் சிக்கல். பத்து நாளில் தாய்லாந்து மொழி வராது, நட்பும் வராது. போட்டோவும் சாட்சியும் மட்டும்தான் ஊருக்கு வரும். அவளுடைய படம் சபைத் திரையில் ஓட அவள் ஒப்புக்கொண்டாளா?

தம்பிமார்களுக்கு வேலை ஊரிலேயே இருக்கிறது. ‘பாங்காக் டூர்’ என்றதும் வாட்ஸாப் குழுவில் என்ன சிரிப்பு சிரிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, அதே சாலையை ஒட்டிய பாட்பாங்குக்குப் போகிற நம் ஆட்களும் உண்டு. அவர்களிடம் பேசுங்கள். பெண்கள் பேசினால் கேட்க மாட்டார்கள்.

பணம் அனுப்ப நினைக்கிறோம். எந்த ஊழியத்தை நம்பலாம்?

மூன்று கேள்வி கேளுங்கள். ஜெபத்துக்கு வராத பெண்ணுக்கும் அதே சம்பளமா? அவளுடைய வங்கிப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? திரும்பிப் போன பெண்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா? மழுப்பினால் அனுப்பாதீர்கள். நல்ல பதில் வந்தால் கட்டட நிதிக்கு என்று குறிக்காமல் சம்பளக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் எப்போதும் கிடைக்கும், மாதச் சம்பளத்துக்குத்தான் கிடைக்காது.