இட்லிக் கொப்பரையின் மேல் ஏன் பழி போட்டீர்கள்?

கேள்வி: எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. பேறுகால விடுப்பில் பெற்ற மகளைக் கொன்ற ஓர் அடிமைத் தாயின் கதையான, அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலைப் பாதி படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் அம்மா கோபக்காரர். சிறு வயதில் என் கையில் கரண்டியால் சூடு போட்டிருக்கிறார். அந்தத் தழும்பை இட்லிக் கொப்பரை ஆவி பட்டது என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பியதும் (300 பேர் உள்ள அலுவலகம்) அம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அவருடைய குணம் எனக்கும் வந்துவிடுமோ? நாவலை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது நாவலில் வரும் பேய் அல்ல, அந்த இட்லிக் கொப்பரைதான். ஆவி பட்ட இடம் பரவலாகக் கன்றிப்போகும்; கரண்டிக் காம்பு பட்ட இடம் விளிம்போடு கோடாக நிற்கும். உங்கள் கணவர் அதை உற்றுப் பார்க்கவில்லை, உங்களை நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் குழந்தையை உங்கள் அம்மாவிடம் விடவும் சம்மதித்திருக்கிறார். இதைச் செய்துவிட்டு, குணம் ரத்தத்தில் வருமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

நாவலின் நாயகி சேதேயின் தாய், தன் மார்புக்குக் கீழே அடிமை முத்திரையாகச் சூடு போடப்பட்டிருந்த வட்டமும் சிலுவையுமான அடையாளத்தை மகளிடம் காட்டுகிறாள். எனக்கும் அதுபோல் போடு என்று அறியாமல் கேட்ட சிறுமிக்கு அறைதான் கிடைக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை. தன் உடம்பிலும் தழும்பு விழுந்த பிறகுதான் சேதேக்கு அது விளங்குகிறது. 1856-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து உறைந்த ஓஹையோ ஆற்றைக் கடந்து தப்பிவந்த மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிபடும் வேளையில் தன் மகளைத் தானே கொன்ற உண்மைச் சம்பவம் மாரிசனுக்குக் கருவானது. அந்தக் கையில் கத்தியைக் கொடுத்தது அடிமைமுறை. பிறவிக்குணத்தின் மேல் பழி போட அங்கே இடமில்லை.

மீதிப் பாதியில், வருடக்கணக்கில் வாசல் தாண்டாத, சேதேயின் இன்னொரு மகள் டென்வர் வெளியே போய், வீட்டின் நிலையை ஒரு பழைய ஆசிரியையிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். அதன் பிறகுதான் அண்டை அயலார் உணவு வைத்துவிட்டுப் போகிறார்கள், முப்பது பெண்கள் அந்த வீட்டு முன்னால் திரண்டு வருகிறார்கள்.

பெற்றவளின் மானத்தைக் காப்பது மகளின் கடமை என்று நானும் நம்புகிறவள்தான். அதற்காகப் பேச்சு வராத குழந்தையைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. இன்றிரவே கணவரிடம் கையைக் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பலன் சட்டம் சொன்னது; அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. நாளையே அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அம்மா தாராளமாக வரட்டும், பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சட்டும். ஆனால் அந்தக் கரண்டியைப் பற்றி அவரே உங்களிடம் வாய்திறந்து பேசும் வரையில், நீங்களோ கணவரோ வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும்.