சந்திப்பில் பக்கவாட்டு மோதல்: இழப்பீட்டுக் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: ஐயா, நான் பச்சை விளக்கில்தான் போனேன். என் காரின் கதவில் மோதியவர் தனக்கும் பச்சைதான் என்று சாதிக்கிறார். நசுங்கிக் கிடப்பது என் கதவு. அதுவே சாட்சி ஆகாதா?

பதில்: ஆகாது. சிவப்பு விளக்கை மீறிக் குறுக்கே பாய்கிற வண்டியும் பக்கவாட்டில்தான் அடிவாங்கும். நசுங்கல் அடி விழுந்த திசையைச் சொல்லும், விளக்கின் நிறத்தைச் சொல்லாது. நிறத்தைச் சொல்லக்கூடியவர் உங்கள் பக்கத்தில் நின்று உங்களோடு கிளம்பிய வண்டிக்காரர். அவரைத் தேடுங்கள். சந்திப்பைப் பார்த்தபடி இருக்கும் கேமராக்களின் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து, மேலே புதியவை ஏறிவிடும். பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். பல கார்களில் காற்றுப்பையை இயக்கும் கருவி, மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடிகளின் வேகத்தையும் பிரேக் பிடித்ததையும் பதிந்து வைக்கிறது. அதை எடுக்கும்வரை எந்த வண்டியும் பழைய இரும்புக்குப் போகக்கூடாது. வெல்ல வேண்டிய வழக்குகள் இந்த முதல் வாரத்தில்தான் தோற்கின்றன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி: விபத்தன்று வலி இல்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று காவலரிடம் சொல்லிவிட்டேன். ஆறு நாள் கழித்து மண்ணீரலில் இரத்தக்கசிவு என்கிறார்கள். என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேனா?

பதில்: இல்லை அம்மா. முன்பக்கம் மோதினால் நசுங்கிக்கொடுக்க இயந்திர அறை முழுவதும் இருக்கிறது. பக்கவாட்டிலோ கதவுக்கும் உங்கள் விலாவுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இடப்பக்க அடியில் மண்ணீரல் காயப்பட்டு, நாட்கள் கழித்து வெடிப்பது மருத்துவம் நன்கறிந்த விஷயம். விபத்தோடு இதற்குள்ள தொடர்பை மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முதலில் உடம்பைப் பாருங்கள், வழக்கு காத்திருக்கும்.

கேள்வி: நான் கொஞ்சம் வேகமாகத்தான் போனேன். எதிராளி சிவப்பை மீறினார். எனக்கு எதுவுமே கிடைக்காதா?

பதில்: ஒரு காலத்தில் கிடைத்திருக்காது. 1809-இல் இங்கிலாந்தில் ஒருவர் வீட்டு வேலைக்காகச் சாலையில் கம்பு ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார். குதிரையில் விரைந்து வந்தவர் அதில் மோதி விழுந்தார். கவனித்து ஓட்டியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று அவருக்கு நயாபைசாகூடக் கொடுக்கவில்லை நீதிமன்றம். அந்த அநியாயம் அங்கே சட்டத்தால் மாற 1945 வரை ஆனது. இன்று பெரும்பாலான இடங்களில் தவறைப் பங்கிடுகிறார்கள்: இழப்பு 100, உங்கள் பங்கு 20 விழுக்காடு என்றால் கையில் 80. உங்கள் பங்கு பாதியைத் தாண்டினால் ஒன்றுமில்லை என்னும் இடங்களும் உண்டு. வேகத்தை மறைக்காதீர்கள். கருவி காட்டிக்கொடுத்துவிட்டால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே முதுகுவலி. அதைச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது.

பதில்: பலவீனமான உடம்பை இடித்தவர் அந்த உடம்புக்கு நேர்ந்ததற்கே பொறுப்பு. விபத்தால் கூடிய வேதனைக்கு நீங்கள் கேட்கலாம். பழைய ஸ்கேனை ஒளிக்காமல் கொடுங்கள், கூடியது எவ்வளவு என்று காட்டுவதே அதுதான்.

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே காசோலையோடு வந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். கடன் நெருக்குகிறது.

பதில்: உங்கள் நெருக்கடி தெரிந்துதான் வருகிறார்கள். "முழுத் தீர்வு" என்று அந்தத் தாளில் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். பிறகு இன்னொரு அறுவைச் சிகிச்சை வந்தாலும் பெரும்பாலும் திரும்பக் கேட்க முடியாது. வண்டிச் சேதத்துக்கு மட்டும் தனியாகத் தீர்த்துத் தரச் சொல்லுங்கள். காயத்துக்கான கணக்கை, இனி எவ்வளவு நடக்க முடியும் என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகு போடுவோம். வழக்குக்கான காலக்கெடு மட்டும் நழுவாமல் இப்போதே குறித்துவையுங்கள்.