சர்ஜரி ரெசிடென்ட்ஸ் ஜர்னல் கிளப்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: மேடம், எங்க ஜர்னல் கிளப்ல (எல்லாரும் கூடி ஒரு ஆராய்ச்சி பேப்பரை அலசற கூட்டம்) ஒருத்தர் ஸ்லைடு போட்டு வாசிப்பார், மத்தவங்க தூங்குவோம். எப்படி மாத்தறது?

பதில்: ஸ்லைடை நிறுத்துங்கப்பா. ஒருத்தர் மட்டும் படிச்சிட்டு வந்தா மத்தவங்க என்னத்த பேசறது? பேப்பரை ஒரு வாரம் முன்னாடியே அனுப்புங்க, கூட மூணே மூணு கேள்வி, ஆளுக்கு ரெண்டு வரி பதில் எழுதிட்டுதான் வரணும். இது ஒண்ணு பண்ணாலே பாதி சரியாயிடும்.

கேள்வி: எந்த பேப்பர் எடுக்கறது?

பதில்: ரவுண்ட்ஸ்ல எதுக்கு வாக்குவாதம் வந்துச்சோ அதை. அபெண்டிசைட்டிஸுக்கு (குடல்வால் அழற்சி) ஆன்டிபயாடிக் போதுமான்னு பேச்சு வந்தா, ஆன்டிபயாடிக்கையும் ஆபரேஷனையும் கம்பேர் பண்ணி 2020ல வந்த கோடா (CODA) டிரையல் எடுங்க. 1552 பேர், ஆன்டிபயாடிக் குரூப்ல 90 நாளுக்குள்ள 29% பேருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, அபெண்டிகோலித் (குடல்வாலுக்குள்ள கல் மாதிரி கட்டி) இருந்தவங்கள்ல அது 41%. "பத்துல ஏழு பேர் தப்பிச்சாங்களே"ன்னு ஒருத்தர், "மூணு பேருக்கு கத்தி வச்சாச்சே"ன்னு இன்னொருத்தர், நல்லா சூடு பிடிக்கும், ஆனா அதோட விட்டுடாதீங்க, ப்ரைமரி அவுட்கமே, அதாவது டிரையல் முக்கியமா அளந்த விஷயமே, 30வது நாள் பேஷண்ட் எப்படி இருக்கார்ங்கற ஹெல்த் ஸ்கோர்தான், அது உங்க பேஷண்டுக்கு முக்கியமான்னு கேளுங்க.

கேள்வி: அக்கா, சர்ஜரி பேப்பர்ல ஸ்பெஷலா என்ன பாக்கணும்?

பதில்: யார் ஆபரேட் பண்ணாங்க! மாத்திரை யார் குடுத்தாலும் ஒண்ணுதான், ஆபரேஷன் அப்படி இல்லையே. 2004ல கோலன் (பெருங்குடல்) கேன்சருக்கு லேப்ராஸ்கோபியும் (சின்ன துளை வழியா கேமரா வச்சு பண்றது) ஓப்பனும் (வயித்தைத் திறந்து பண்றது) கம்பேர் பண்ண காஸ்ட் (COST) டிரையல்ல, குறைஞ்சது 20 லேப்ராஸ்கோபிக் கேஸ் முடிச்ச சர்ஜனைத்தான் சேர்த்தாங்க, அவங்க ஆபரேஷன் வீடியோவும் பாத்தாங்க. அந்த ரிசல்ட் இப்பதான் கத்துக்கற உங்க கைக்கு அப்படியே பொருந்துமா? இதுக்கு மட்டும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அப்புறம், சர்ஜனை பிளைண்ட் பண்ண முடியாது, எந்த ஆபரேஷன்னு அவருக்குத் தெரியாம வைக்க வழியில்லை, அதனால அவுட்கம் பாத்து எழுதினது யாருன்னு மெத்தட்ஸ்ல தேடுங்க.

கேள்வி: ஸ்டாட்ஸ்னாலே பயம்.

பதில்: பி வேல்யூவை விட்டுட்டு கான்ஃபிடன்ஸ் இன்டர்வலோட (உண்மையான பலன் எதுலேர்ந்து எது வரைக்கும் இருக்கலாம்னு காட்டற வரம்பு) ரெண்டு முனையையும் பாருங்க. மோசமான முனை நிஜமா இருந்தாலும் அந்த ஆபரேஷனை செய்வீங்களா?

கேள்வி: கன்சல்டன்ட் (சீனியர் டாக்டர்) வாய் திறந்தா அதோட டிஸ்கஷன் முடிஞ்சுதுன்னு எல்லாரும் உக்காந்துடறோம்.

பதில்: ஃபர்ஸ்ட் இயர் ரெசிடென்ட்தான் முதல்ல பேசணும், கன்சல்டன்ட் கடைசி. அவர்கிட்ட முன்னாடியே தனியா சொல்லிடுங்க, பெரும்பாலும் சந்தோஷமாவே ஒத்துப்பாங்க.

கேள்வி: நைட் டியூட்டி முடிச்சவங்களும் வரணுமா மேடம்?

பதில்: வேண்டாம்மா, தூங்க விடுங்க. மாசம் ஒரு தடவை போதும், ஆனா அந்த ஒரு மணி நேரம் தியேட்டர்ல இருந்தோ வார்டுல இருந்தோ யாரையும் கூப்பிடக்கூடாது, அதை டிபார்ட்மென்ட் ஹெட்டே ரோஸ்டர்ல எழுதி வைக்கணும்.