கண்புரைக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, கூலி வேலை. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டதாம். தனியாரில் ஒரு கண்ணுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கவா, பணம் சேரும்வரை ஒரு வருடம் பொறுக்கவா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா. முற்றிய புரை வீங்கினால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும். அப்படிப் போன பார்வையை எந்த அறுவை சிகிச்சையும் மீட்டுத் தராது. திடீரென்று கண் சிவந்து, வலியும் வாந்தியும் வந்தால் அன்றே கொண்டுபோங்கள்.

நீங்கள் சொல்லும் தொகையில் பெரும்பங்கு, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸின் ரகத்துக்கும் அறை வசதிக்கும் போகும். மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் 1992-இல் இந்த லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, லென்ஸ் விலை ஏழைக்கும் எட்டும் அளவுக்கு இறங்கிவிட்டது. இலவச சிகிச்சையில் வைக்கும் சாதாரண லென்ஸே தூரப் பார்வைக்குப் போதும். படிக்க மட்டும் கண்ணாடி போட வேண்டியிருக்கும். முற்றிக் கெட்டிப்பட்ட புரைக்கு, சுமார் 6 மி.மீ. திறப்பில் தையலில்லாமல் செய்யும் முறை மட்டமானது அல்ல. பல நேரம் அதுதான் பத்திரம்.

அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் லென்ஸ் உட்பட இலவசம். மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளுக்கு, அவர்கள் ஊர்களில் நடத்தும் இலவசக் கண் முகாம் வழியாகப் போவது இன்னும் நல்லது. பஸ், சாப்பாடு, தங்கல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அடுத்த முகாம் எங்கே, எப்போது என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆதாரும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். புரைக்கென்று இப்போது புதிதாகக் காப்பீடு எடுக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் 2 ஆண்டு காத்திருக்கச் சொல்லும்.

முகாமுக்குப் போயும் பலர் வெறுங்கையோடு திரும்புவதுதான் வருத்தம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடியிருந்தாலும், கண்ணீர்ப் பையில் சீழ் இருந்தாலும் தள்ளிவைத்துவிடுவார்கள். எனவே ஒரு வாரம் முன்பே சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். வழக்கமான மாத்திரைச் சீட்டுகளை எடுத்துப்போங்கள். சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், அது அறுவையின்போது கண்ணின் கருவிழித் திரையைத் தளர்த்திவிடும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பணம் ஒதுக்க வேண்டியது சொட்டு மருந்துக்கும், சில வாரக் கூலி இழப்புக்கும்தான். சொட்டு மருந்து ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் போட வேண்டும். வலி இல்லையே என்று பாதியில் விடக் கூடாது. அதுவரை தலைக்குக் குளிப்பது, பாரம் தூக்குவது, தூசி வேலை எதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான். முதல் கண் தேறிய பிறகு அடுத்த கண்ணுக்குத் தேதி கேளுங்கள். அறுவைக்குப் பின் வலி கூடினாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ, மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே திரும்பிப் போங்கள்.